கழிவு தொண்ணூறு சதவீதம்

விண்ணப்பத்தில் மொத்தம் அறுபத்து நான்கு கட்டங்கள். அறுபத்து மூன்றைப் படக்காரன் எல்லாரையும் போலத்தான் நிரப்பினான். இருபத்தேழாவது கட்டத்தில் மட்டும் உண்மையை எழுதிவிட்டான்.

அந்தக் கட்டத்தின் கேள்வி இது: ‘உற்பத்தியில் கழிவாவது எத்தனை சதவீதம்?’ மாவு மில்லையும் மரம் அறுக்கும் பட்டறையையும் மனதில் வைத்து யாரோ எழுதிய கேள்வி. வழக்கமாக எல்லாரும் இரண்டு என்று எழுதுவார்கள். துணிச்சல்காரர்கள் மூன்று என்று எழுதுவார்கள். படக்காரன் பேனாவின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தான். பத்து முறை கேமராவை அழுத்தினால் ஒன்று தேறும். மீதி ஒன்பதில் ஒருவர் கண்ணை மூடியிருப்பார், ஒருவர் மூக்கைச் சொறிந்துகொண்டிருப்பார், ஒருவர் ‘எடுத்தாச்சா?’ என்று கேட்க வாயைத் திறந்திருப்பார். கேமரா பிடித்த எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. 90 என்று எழுதினான். எழுத்தாலும் எழுதச் சொல்லியிருந்ததால் ‘தொண்ணூறு மட்டும்’ என்றும் எழுதினான்.

ஸ்டூடியோ யோசனை அவனுடையதல்ல, மாமியாருடையது. மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. காய்ச்சல் என்று படுத்தாள். ஒன்பதாம் நாள் இல்லை. அதற்குப் பிறகு அவன் வேலை பார்த்த அச்சகத்துக்கும் போகவில்லை, கேமராப் பையையும் திறக்கவில்லை. காய்ச்சலில் கிடந்த தன் மகளைப் பார்த்துக்கொள்ள வந்த அத்தை, பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் மாறிவிட்டதைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டார்.

ஒருநாள் காலை அத்தை சொன்னார்: “மாப்ள, நீங்க உக்காந்தே இருந்தா நானும் உக்காந்தே இருக்கேன். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா வீட்ல கால் ஆடாத நாற்காலி ஒண்ணுதான் இருக்கு. யாராவது ஒருத்தர் எழுந்துதான் ஆகணும்.”

படக்காரன் எழுந்தான். வீட்டு முன்னறைக்கு வெள்ளை அடித்தான். இரண்டு விளக்கு, ஒரு திரை, வாசலில் ஒரு பலகை. பலகை மாட்டிய மூன்றாம் நாள், தெருக்கோடிப் பள்ளியின் தலைமையாசிரியை உள்ளே வந்து சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“பிள்ளைங்க சிரிக்குது. போன வருஷம் எங்க பள்ளிக்கூடத்துல ஒருத்தர் எடுத்தார். அறுநூறு பிள்ளைங்களும் வரிசையா நின்னு யாரையோ அடையாளம் காட்ட வந்த மாதிரி இருந்துச்சு. இந்த வருஷம் நீங்களே எடுங்க. நல்லா எடுத்தா வருஷா வருஷம் நீங்கதான்.”

“சரிங்க.”

“இருபதாம் தேதி. ஆனா அதுக்குள்ள பதிவுச் சான்றிதழ் கையில இருக்கணும். இல்லன்னா தணிக்கையில எனக்குப் படம் காட்டிடுவாங்க.”

அன்றைக்குத் தேதி ஒன்று. அந்த வேலை கிடைத்தால் ஸ்டூடியோ நிற்கும். கிடைக்காவிட்டால் பலகையைக் கழற்ற வேண்டும். அதைவிட, அவன் மறுபடி போய் உட்கார்ந்துகொள்வானோ என்பதுதான் அத்தையின் பயம். அவனுக்கும் அதே பயம் இருந்தது. சொல்லிக்கொள்ளவில்லை.

இப்படித்தான் இரண்டாம் தேதி காலை பத்து மணிக்குப் பதிவு அலுவலகத்தின் ஐந்தாம் ஜன்னல் முன்னால் போய் நின்றான்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் விண்ணப்பத்தை ஒரு மருத்துவர் நாக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“நீங்க செய்யறது பொருளா, சேவையா?”

“போட்டோங்க.”

“அப்படி ஒரு கட்டம் இல்ல. அதைக் கையில புடிக்க முடியுமா?”

“பிரிண்ட் போட்டா முடியும்.”

“போன்ல அனுப்பினா?”

“முடியாது.”

“அப்ப பாதி பொருள், பாதி சேவை. ரெண்டு விண்ணப்பம். ரெண்டுலயும் ‘மற்றது இல்லை’ன்னு உறுதிமொழி வேணும்.”

இரண்டு விண்ணப்பம் எழுதினான். ஒன்றில் சேவை செய்யவில்லை என்றும், மற்றொன்றில் பொருள் செய்யவில்லை என்றும் உறுதிமொழி கொடுத்தான். சேர்த்துப் படித்தால் அவன் எதுவுமே செய்யவில்லை என்று ஆகும். சேர்த்துப் படிக்கும் வழக்கம் அங்கே இல்லை.

“மூலப்பொருள்னு கேட்ட இடத்துல கோடு போட்டிருக்கீங்க.”

“மூலப்பொருள் எதுவும் இல்லீங்களே.”

“ஒண்ணுமில்லாததுல இருந்து ஒண்ணை உண்டாக்குறவங்களுக்கு வேற துறை இருக்கு, சாமி. இங்க மூலப்பொருள் வேணும்.”

“வெளிச்சம்னு போடலாங்களா?”

“தாராளமா. யார்கிட்ட வாங்குறீங்க?”

“பகல்ல சூரியன். பொழுது சாய்ஞ்சா மின்வாரியம்.”

“மின்வாரியம் பதிவு பண்ணியிருக்கு.” அந்த அம்மாள் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். எதைத் தேடினார் என்று தெரியவில்லை. “சூரியன் பண்ணல. பதிவு பண்ணாத ஆள்கிட்ட சரக்கு எடுத்தா அவங்க கட்ட வேண்டிய வரியையும் எடுத்தவர்தான் கட்டணும்.”

படக்காரன் திரும்பி வாசலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தான். அலுவலக வளாகம் முழுக்கச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

நல்ல மனசுக்காரி. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “‘இலவச மாதிரி’ன்னு எழுதிடுங்க. மாதிரிக்கு வரி இல்ல. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

சூரியன் இதுவரை உலகத்துக்கு அனுப்பியதெல்லாம் வியாபார நோக்கமில்லாத இலவச மாதிரி என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறியது. அந்த அம்மாள் முத்திரையை மையில் தோய்த்துத் தூக்கினார். அப்போதுதான் அவர் கண் இருபத்தேழாவது கட்டத்தில் விழுந்தது. முத்திரை அந்தரத்தில் நின்றது.

“தொண்ணூறா?”

“ஆமாங்க.”

நாலாம் ஜன்னலும் ஆறாம் ஜன்னலும் எழுந்து வந்தன. பின்னால் கோப்புக்கட்டுகளுக்கு நடுவில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரும் எழுந்து வந்தார்.

“பத்து மூட்டை அரைச்சா ஒம்பது மூட்டை தவிடா?” என்றது நாலாம் ஜன்னல்.

“இது தொழிலா, தீ விபத்தா?” என்றது ஆறாம் ஜன்னல்.

ஐந்தாம் ஜன்னல் மட்டும் கனிவாகக் கேட்டது. “ரெண்டுன்னு மாத்திக்கிறீங்களா? வெள்ளை மை இருக்கு.”

“ரெண்டு இல்லீங்களே.”

கிணற்றை நோக்கி நடக்கும் ஆளைப் பார்ப்பதுபோல அந்த அம்மாள் அவனைப் பார்த்தார். “அப்ப நீங்க துணை ஆணையரைத்தான் பார்க்கணும்.”

ஆறாம் தேதிக்கு விசாரணை போட்டார்கள். துணை ஆணையரின் அறையில் எல்லாம் பெரிதாக இருந்தது. மேசை பெரிது, மணி பெரிது, நாற்காலியில் போட்டிருந்த துண்டு பெரிது. எதிரில் உட்காருபவருக்கான நாற்காலி மட்டும் சின்னது. அதில் உட்கார்ந்தால் மோவாய் மேசை விளிம்புக்கு வந்தது. அவருக்குப் பின்னால் சுவரில் இதுவரை அந்தப் பதவியில் இருந்த ஒன்பது பேரின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன.

துணை ஆணையர் இரண்டு விண்ணப்பங்களையும் மூடி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

“தம்பி, கழிவுங்கிறது ஒரு மனநிலை. இந்த அலுவலகத்தைப் பாருங்க. மாசம் ஆயிரம் விண்ணப்பம் வருது. தொள்ளாயிரத்தைத் திருப்பி அனுப்புறோம். அதைக் கழிவுன்னு எவனாவது சொல்ல முடியுமா? அது பரிசீலனை. திருத்திக்கிட்டு மறுபடி வருவாங்க, மறுபடி திருப்பி அனுப்புவோம். அது மறுபரிசீலனை. மூணாவது தடவை அவங்களே வர மாட்டாங்க. அது தீர்வு. திருப்பினது அத்தனைக்கும் நகல் எடுத்து, எண் போட்டு, கட்டி, அஞ்சு அறையில அடுக்கி வச்சிருக்கோம். போன வருஷம் ஒரு கட்டை எலி தின்னுடுச்சு. அந்த எலிக்கும் கோப்பு இருக்கு. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல என் கையால வீணானது ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்.”

படக்காரனுக்கு அவரை அன்றுதான் தெரியும்.

“முடியாதுல்ல? இப்ப சொல்லுங்க. பத்துல ஒம்பது கெட்டுப்போகுதுங்கறீங்களே, கெட்டுப்போன படம்னா எப்படி இருக்கும்? ஒரு உதாரணம் காட்டுங்க.”

அவன் கையோடு எதுவும் கொண்டுவரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தான். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்கிற ஒரே எண்ணம்தான் அவனுக்கு. சுவரில் ஒன்பதாவது படத்தில் இருந்தவருக்கு ஒரு கண் பாதி மூடியிருந்தது. மற்றொரு கண் மூடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. உதடு எதையோ மெல்லப்போகும் நிலையில் இருந்தது.

“அது மாதிரிங்க,” என்று கை காட்டினான்.

வாசலில் நின்ற டவாலிச் சேவகர் மூச்சை நிறுத்தினார். துணை ஆணையர் நாற்காலியோடு மெல்லத் திரும்பினார். அவர் பதவியேற்ற அன்று எடுத்த படம். நாலு வருடமாக அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

அறையில் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் பெரிய கடிகாரம்.

“எழுதிக்கோங்க,” என்றார் துணை ஆணையர், யாரிடம் என்றில்லாமல். டவாலி ஓடிப்போய் எழுதுகிறவரைக் கூட்டிவந்தார். உத்தரவு இப்படி இருந்தது: ‘மேற்படி நபர் தமது வளாகத்தில் இதுகாறும் சேர்த்துவைத்துள்ள கழிவுப் படங்கள் அனைத்தையும், ஆய்வாளர் முன்னிலையில், ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் ஏற்றி, குறைபாட்டின் தன்மையைக் குறிப்பிட்டு, நகல் ஏதும் இல்லை என உறுதிமொழி அளித்து, அழித்து, அழித்தமைக்கு அழியாத மையில் ஒப்பமிட்ட பின்னரே பதிவுக்குத் தகுதியுடையவர் ஆவார். பழைய கழிவுடன் புதிய தொழில் தொடங்க இயலாது.’

வீட்டுக்கு வந்து உத்தரவை அத்தையிடம் படித்துக் காட்டினான்.

“ஏன் மாப்ள, அவர் படத்தைத்தான் காட்டணுமா? உதாரணத்துக்கு என் படம் ஒண்ணும் தோணலியா?”

“கேட்டாருங்க அத்தை. கண்ணுக்கு எதிர்ல இருந்துச்சு.”

“எம் பொண்ணு சொல்லுவா. ‘அவர்கிட்ட இந்தப் புடவை எனக்கு எப்படி இருக்குன்னு மட்டும் கேட்டுடாதம்மா, சொல்லிடுவாரு’ன்னு.”

கணினியைத் திறந்தான். ஆறு வருடத்துத் தேறாத படங்கள் மூவாயிரத்து இருநூற்று அறுபது இருந்தன. அதில் ‘சோதனை’ என்று பெயரிட்ட ஒரு தொகுப்பு. நானூற்றுப் பன்னிரண்டு படம். அத்தனையும் அவள்.

புது லென்ஸ் வாங்கினாலும், விளக்கை இடம் மாற்றினாலும், ‘ஒரு நிமிஷம் வந்து நில்லேன்’ என்று அவளைத்தான் கூப்பிடுவான். வருவாள். நிற்பாள். அவன் அழுத்தும் நொடியில் கண்ணை மூடிவிடுவாள். இல்லாவிட்டால் சிரித்து ஆடிவிடுவாள், அல்லது அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று திரும்பிவிடுவாள். நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட உருப்படி இல்லை. இப்போது முன்னறைச் சுவரில் இருக்கிற படம் அவள் அலுவலக அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. அதில் கண் நன்றாகத் திறந்திருந்தது. அது யாரோ எடுத்த படம்.

உத்தரவின்படி பார்த்தால் அந்த நானூற்றுப் பன்னிரண்டும் சுத்தமான கழிவு.

“இதை மட்டும் வேற எதுலயாவது ஏத்தி எங்கியாவது வச்சிடலாங்களா, அத்தை? உங்க தங்கச்சி வீட்ல...”

“தொண்ணூறுன்னு எழுதின கை, ‘நகல் இல்லை’ன்னு எழுதுமா?”

அவன் கையைப் பார்த்தான். எழுதாது என்று தெரிந்தது.

“அதோட, எம் பொண்ணை ஒளிச்சு வைக்க அவ என்ன திருட்டு நகையா?”

“அப்ப அழிச்சிடவா?”

“அதை நான் சொல்லல.”

“அழிக்கலன்னா பள்ளிக்கூடம் போயிடும். ஸ்டூடியோவும் போயிடும்.”

“போனாப் போகட்டும்னும் நான் சொல்லல.”

“அப்ப என்னதான் சொல்றீங்க?”

“ஆய்வாளர் வரட்டும். மனுஷன் டீக்கு எத்தனை கரண்டி சக்கரை போடுறார்னு பார்ப்போம். அதுல தெரிஞ்சிடும்.”

பன்னிரண்டாம் தேதி ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர். ஒரு தகரப்பெட்டியில் பதிவேடு, அரக்கு, மெழுகுவத்தி, முத்திரை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தது உட்காருவதற்கான சொந்தத் தலையணை. மூன்று கரண்டி சர்க்கரை கேட்டார். அத்தை அடுப்படியிலிருந்து மாப்பிள்ளையைப் பார்த்து, தேறும் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

முதல் படம் ஒரு பிறந்தநாள் விழா. மெழுகுவத்தியை ஊதும் குழந்தையின் முகத்தை ஒரு பெரியப்பாவின் முழங்கை மறைத்திருந்தது. பதிவேட்டில் ‘முழங்கை’ என்று எழுதினார்கள். அழித்தான்.

“எங்க போச்சு?”

“குப்பைத்தொட்டிக்குங்க.”

“தொட்டியைக் காட்டுங்க.” காட்டினான். ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “இதுல இருந்து திருப்பி எடுக்க முடியுமா?”

“முடியும்.”

“அப்ப அது அழிவு இல்ல, இடமாற்றம். நாங்களும் அப்படித்தான் பண்ணுவோம். தொட்டியையும் காலி பண்ணுங்க. ரெண்டுக்கும் தனித்தனிக் கையெழுத்து.”

மாலை ஐந்தானதும் மெழுகுவத்தி ஏற்றி, அரக்கை உருக்கி, அழிக்கும் பொத்தானுக்குமேல் காகிதம் ஒட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனார். இரவில் யாரும் திருட்டுத்தனமாக எதையும் அழித்துவிடக் கூடாது அல்லவா. காலையில் வந்து முத்திரை உடையவில்லை என்று எழுதிவிட்டு உடைப்பார். மூன்றாம் நாள் அந்தப் பொத்தான் இளகிப்போய் இரண்டு குத்துக் குத்தினால்தான் வேலை செய்தது.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஆய்வாளருக்குப் படங்கள் பிடிக்க ஆரம்பித்துவிட்டன.

“இது என்ன குறை?”

“பேக்கரி முதலாளிங்க. தும்மப் போறார்.”

“அதான் சார் அழகு! தும்முறதுக்கு முந்தின நொடி! மனுஷனுக்கு அப்ப மட்டும்தான் முகத்துல பொய் இருக்காது. இது கழிவு இல்ல. விற்பனைச் சரக்கு. வரி உண்டு.”

“சார், இது மட்டமான படம் சார்.”

“யார் சொன்னா? நானே வாங்குவேன்.”

“வெளிச்சம் பாருங்க, மூக்குல மட்டும் விழுது. கேவலம் சார். இதை எடுத்ததுக்கு நான் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்.”

“அடக்கம் வேற. நல்ல கலைஞன் எல்லாம் இப்படித்தான் பேசுவான்.”

ஒரு தும்மலுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் படக்காரன் தன் தொழிலறிவையும் பார்வையையும் வளர்ப்பையும் தானே இழிவுபடுத்தி முடித்திருந்தான். அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது: “பொண்ணு கேட்டு வந்தப்பகூட நாங்க இவரை இவ்வளவு மட்டமா பேசல, தம்பி. எழுதிக்கோங்க, கழிவுன்னு.”

ஆய்வாளர் மனமில்லாமல் எழுதினார். ‘தும்மல். ஒளி குறைபாடு. கலைஞரின் வற்புறுத்தலின் பேரில்.’

இப்படி நாய் குறுக்கே வந்தவை, தலை வெட்டுப்பட்டவை, யாருடைய கையென்றே தெரியாதவை எல்லாம் வாதாடி வாதாடிக் கழிந்தன. படக்காரன் தூங்கப் போகும்போதும் தொண்டை கட்டியிருந்தது. ஆனால் ஒன்றை அத்தை கவனித்தார். எட்டு மாதத்தில் அவன் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை.

பதினெட்டாம் தேதி மதியம் இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டும் முடிந்தன. மிஞ்சியது ‘சோதனை’.

ஆய்வாளர் முதல் படத்தைத் திறந்தார். பார்த்தார். இரண்டாவது, மூன்றாவது. நாற்பதுவரை தள்ளிக்கொண்டே போனார். பிறகு பேனாவைத் திறந்தார். ஆறு நாளில் முதல்முறையாக அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

“இது சுலபம். கண்ணு மூடியிருக்கு. எல்லாத்தையும் சேர்த்து ஒரே வரியில போட்டுடலாம்.”

“இல்ல,” என்றான் படக்காரன்.

“என்ன இல்ல? மூடியிருக்கே?”

“மூடியிருக்கு.”

“இதுல ஆடியிருக்கு.”

“ஆமா. ஆடியிருக்கு.”

“வெளிச்சம்கூட... அன்னிக்குத் தும்மல் படத்துக்கு நீங்களே சொன்னீங்களே, மூக்குல மட்டும் விழுதுன்னு.”

“ஆமா. அப்ப எனக்குத் தொழில் தெரியாது.”

“அப்ப கழிவுதானே?”

“கழிவு இல்லீங்க.”

ஆறு நாளாக எல்லாவற்றையும் கழிவென்று கெஞ்சிய மனிதன் இப்படிச் சொன்னதும் ஆய்வாளர் பேனாவை மூடினார். “சரி. கழிவு இல்லன்னா விற்பனைச் சரக்கு. விலை சொல்லுங்க.”

அத்தை கரண்டியோடு வெளியே வந்தார். “யாருக்குத் தம்பி விலை?”

ஆய்வாளர் அத்தையைப் பார்த்தார். திரையில் கண்ணை மூடிச் சிரிக்கிற முகத்தைப் பார்த்தார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். தன் இடுப்புக்குக் கீழிருந்த தலையணையைச் சரிசெய்துகொண்டார். கொஞ்ச நேரம் அதையே செய்துகொண்டிருந்தார்.

“அம்மா, நான் என்ன பண்ணட்டும்? கழிவும் இல்ல, சரக்கும் இல்லன்னா பதிவேட்டுல எங்க எழுதுவேன்? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் பதிவேட்டை மூடிக் கொடுத்தாத்தான் இவருக்குச் சான்றிதழ். ஒரு வரி காலியா இருந்தாலும் அந்த ஆள் திருப்பி அனுப்பிடுவார். அவருக்கு இவர்மேல வேற...” என்று தன் ஒரு கண்ணைப் பாதி மூடிக் காட்டினார்.

அடுப்படியில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. அத்தை போகவில்லை.

ஆய்வாளர் விதிப் புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் புரட்டினார். பாதி தூரத்தில் நிறுத்தினார்.

“ஒரு கேள்வி. நேரா பதில் சொல்லுங்க. இந்தப் படங்களை வச்சு நீங்க தொழில்ல என்ன செஞ்சீங்க?”

படக்காரன் யோசித்தான். யோசித்து எழுதுகிறவன்தானே. “தொழிலைக் கத்துக்கிட்டேங்க. விளக்கு எங்க வைக்கணும், எவ்வளவு தூரத்துல நிக்கணும், எப்ப அழுத்தணும். எல்லாம் இதுலதான். பள்ளிக்கூடத்து அம்மா பிள்ளைங்க சிரிக்குதுன்னாங்களே, அது இவ சிரிக்கிறப்ப காத்திருந்து பழகினது.”

“அப்ப இது கருவி!” ஆய்வாளர் தொடையில் தட்டினார். “விக்கிறது இல்ல, வீசுறது இல்ல, தொழில் நடத்த உதவுறது. மூலதனச் சொத்து! இது ஏன் எனக்கு முதல்லயே தோணல?” பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வேகமாக எழுதினார். ‘நானூற்றுப் பன்னிரண்டு. மூலதனச் சொத்து.’ எழுதிக்கொண்டே போனவர் கடைசிக் கட்டத்தில் நின்றார்.

“தேய்மானம் எவ்வளவு போட?”

“அப்படின்னா?” என்றார் அத்தை.

“எந்தச் சொத்தும் வருஷத்துக்கு இவ்வளவுன்னு தேயணும்மா. கேமரான்னா பதினஞ்சு சதவீதம். மேசை நாற்காலி பத்து. பத்து வருஷத்துக்குள்ள ஒண்ணுமில்லாமப் போயிடும், கணக்குல. இதுக்குப் பத்து போடட்டுமா? இவருக்கும் வரி குறையும்.”

படக்காரன் வாயைத் திறந்தான். எந்த எண்ணும் வரவில்லை. தொண்ணூறு என்று எழுதிய மனிதன்.

“தேயாதுன்னு எழுதுங்க தம்பி,” என்றார் அத்தை.

“அப்படி எழுத முடியாதும்மா. எல்லாம் தேயும். சட்டத்துலயே தேயாத சொத்து ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. நிலம்.”

“அப்ப நிலம்னு எழுதுங்க.”

ஆய்வாளர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. படக்காரனும் சிரிக்கவில்லை. ஆய்வாளர் சிரிப்பை நிறுத்திவிட்டு விதிப் புத்தகத்தை மறுபடி ஒருமுறை புரட்டினார். நிலம் என்றால் மண்ணாக இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் சொல்லியிருக்கவில்லை.

எழுதினார். ‘நிலம். தேய்மானம் இல்லை.’ அழியாத மையில் கையெழுத்திட்டார். அரக்கு முத்திரையை எங்கே வைப்பது என்று சற்றுப் பார்த்துவிட்டு, பெட்டியை மூடினார். “இதுக்கு வேணாம்,” என்றார்.

பத்தொன்பதாம் தேதி மாலை நாலரைக்குச் சான்றிதழ் வந்தது. துணை ஆணையர் சேர்த்துப் படிக்கும் வழக்கமில்லாதவர், கடைசிப் பக்கத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். இருபதாம் தேதி பள்ளி மைதானத்தில் அறுநூறு பிள்ளைகளையும் எடுத்தான். கழிவு தொண்ணூறு சதவீதம்தான். மீதிப் பத்தில் ஒரு பிள்ளைகூட யாரையும் அடையாளம் காட்ட வந்ததுபோல இல்லை. அடுத்த வருடத்துக்கும் அவன்தான் என்று தலைமையாசிரியை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து நில அளவைத் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘தங்கள் பெயரில் புதிதாகப் பதிவாகியுள்ள நிலத்தின் பரப்பளவையும் நான்கெல்லைகளையும் ஏழு நாட்களுக்குள் குறிப்பிட்டு அனுப்பவும். தவறினால் சங்கிலியுடன் நேரில் வந்து அளக்கப்படும்.’

“வரட்டும். டீ போட்டுத் தரலாம்,” என்றார் அத்தை. “எத்தனை கரண்டின்னு கேட்டுக்கிட்டுப் போடணும்.”

ஆனால் கேட்டதற்குப் பதில் எழுதாமல் இருக்க அவனால் முடியாது. கணினியில் ஒரு படத்தைத் திறந்து வைத்துக்கொண்டான். எல்லாப் படமும் இதே முன்னறையில், அவளை ஒரே இடத்தில் நிற்க வைத்து எடுத்ததுதான். படிவத்தை மடியில் வைத்து, பேனாவின் பின்பக்கத்தைக் கடித்து, படத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினான்.

பரப்பளவு: அளக்கவில்லை.

கிழக்கே: தெருப்பக்கத்து ஜன்னல்.

வடக்கே: அப்போது வெள்ளை அடிக்காமல் இருந்த சுவர்.

தெற்கே: அடுப்படிக் கதவு.

மேற்கே கேமரா இருந்த பக்கம். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு ‘நான்’ என்று எழுதினான்.

அத்தை பின்னால் வந்து நின்று, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, நான்கு எல்லைகளையும் மெதுவாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். அடுப்படிக்குப் போனார். பாத்திரங்கள் நகரும் சத்தம் கேட்டது.

“மேற்கே இருக்கிறவர் சாப்பிட வரலாம்,” என்று குரல் வந்தது. “ஆறிப்போகுது.”